ஆர்க்காட்டு நவாபின் கடன்: களத்துமேட்டிலிருந்து நாடாளுமன்றம் வரை

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழக வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆம்பூர், ஆர்க்காடு, வந்தவாசி, பொள்ளிலூர் எனப் போர்க்களங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிச் சென்று, 1801இல் கர்நாடகம் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியதோடு அதனை முடித்துவிடுகிறோம். அப்போர்களுக்கான பணம் எங்கிருந்து வந்தது, அதனைத் திருப்பிச் செலுத்தியவர் யார் என்னும் வினாக்கள் நம் பாடநூல்களில் அரிதாகவே எழுகின்றன. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா பட்ட கடன் அவ்வினாக்களுக்கு விடை தரும். ஓர் அரசு பட்ட கடன் அவ்வரசின் கீழ் வாழ்ந்த மக்களின் பொதுவாழ்வை எவ்வாறு மாற்றியமைத்தது என்பதை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

இங்குக் கர்நாடகம் என்பது இன்றைய கர்நாடக மாநிலத்தைக் குறிக்காது. நெல்லூர்ப் பகுதி தொடங்கித் தெற்கே திருநெல்வேலி வரை நீண்ட கிழக்குச் சமவெளியையே அக்காலத்தார் அப்பெயரால் வழங்கினர்.

கடன் தோன்றிய வகை

1749இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வாருதீன் கான் கொல்லப்பட்டார். அவர்தம் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் தஞ்சம் புகுந்தார். சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரர் ஆதரித்தனர். முகம்மது அலியை ஆங்கிலேயர் ஆதரித்தனர். 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை முகம்மது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அப்பட்டத்தை அவர் பெற்றது கடனுக்கே எனலாம். கும்பினிப் படையின் செலவு அவர் பற்றில் எழுதப்பட்டது. 1760, 1761ஆம் ஆண்டுகளில் நடந்த புதுச்சேரி முற்றுகையின் செலவும் அதனுள் அடங்கும். பிரெஞ்சுக்காரரை வீழ்த்தியதால் பெரும்பயன் அடைந்தது கும்பினி. கணக்குச் சீட்டு மட்டும் நவாபுக்குச் சென்றது.

அத்தொகையைத் தவணைகளாகச் செலுத்துமாறு சென்னைக் கோட்டை வற்புறுத்தியது. நவாபின் கருவூலத்தில் அவ்வளவு பணமில்லை. எனவே கோட்டையில் பணிபுரிந்த ஆங்கிலேய ஊழியரிடமே அவர் தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். கும்பினி தன் ஊழியருக்குக் கொடுத்த சம்பளம் மிகச் சொற்பம். சொந்த வாணிகத்தில் அவர்கள் ஈட்டிய பொருளும், சென்னைச் சௌகார்களும் துபாசிகளும் அவர்களிடம் கொடுத்து வைத்த பணமும் இவ்வாறு நவாபிடம் சென்றன. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பது, முப்பத்தாறு என்ற அளவில் இருந்தது. கும்பினிக்குச் சேர வேண்டிய தவணையைக் கும்பினி ஊழியரிடம் கடன் வாங்கிக் கும்பினிக்கே செலுத்தும் இவ்விந்தையை எவரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய ஆட்சிக்குழுவினருள் பலர் தாமே கடன் கொடுத்தவர்களாக இருந்தனர்.

1767இல் பழைய கடன்கள் யாவும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டபோது அத்தொகை 8,80,000 பவுனாகக் காட்டப்பட்டது. வட்டி பத்து விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பின்னர் 1777இல் இரு கடன்கள் தோன்றின. அவற்றுள் ஒன்று 'குதிரைப்படைக் கடன்' எனப்படுவது. நவாபின் குதிரைப்படையைக் கலைக்க வேண்டும் என்று கும்பினி விரும்பியது. கலைப்பதற்கு முன் வீரர்களின் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டியிருந்தது. அதற்காகச் சில ஆங்கிலேயர் 1,60,000 பவுன் தருவதாக ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாக மாவட்ட வருவாயை எழுதி வாங்கிக்கொண்டனர். அவர்கள் பணத்தைக் காலத்தில் தரவில்லை என்பதும், வருவாயைத் தண்டி அதிலிருந்தே சம்பளப் பாக்கியைச் சிறிது சிறிதாகக் கொடுத்தனர் என்பதும் எட்மண்டு பர்க் பின்னாளில் சாட்டிய குற்றமாகும். குடியானவர் கொடுத்த பணம் அவருக்கே கடனாகத் திரும்பி வந்தது என்பது இதன் பொருள்.

1785இல் பர்க் கூட்டிக்காட்டிய கணக்கின்படி, பல்வகைக் கடன்களின் முதல் 44,40,000 பவுன். அதன் ஆண்டு வட்டி 6,23,000 பவுன். இவற்றுள் உண்மையாகக் கைமாறிய பணம் எவ்வளவு, ஏட்டில் ஏறிய வட்டி எவ்வளவு என்பது அன்றே ஐயத்திற்குரியதாய் இருந்தது.

சீட்டும் களத்துமேடும்

இக்கடனுக்கு ஈடாக நின்றது வயலில் விளைந்த பயிர். நவாபு தம் கடன்காரருக்கு 'தன்கா' எனப்பட்ட ஒதுக்கீட்டுச் சீட்டுகளை எழுதிக் கொடுத்தார். இன்ன சீமையின் இத்தனை ஆண்டு வருவாய் இன்னாருக்கு உரியது என்று அச்சீட்டு கூறும். அச்சீமையின் அமில்தார் அதனை ஏற்றுக் கையொப்பமிடுவார். அமில்தாரும் நிலையான அதிகாரி அல்லர். சீமையைக் குத்தகைக்கு எடுத்தவர். அடுத்த ஆண்டு அக்குத்தகை வேறொருவருக்குப் போகக்கூடும். முன்பணம் கட்டுவதற்கு அவரும் சௌகாரிடம் கடன் வாங்கியிருப்பார். இவ்வாறு ஓர் ஊரின் நெல் அறுவடையாகும் முன்பே அதன்மேல் மூன்று நான்கு பேரின் உரிமை ஏறிவிட்டது.

இதன் விளைவை உணர, அக்கால ஊர்களின் பொதுவாழ்வு எதனால் நடந்தது என்பதை அறிதல் வேண்டும். செங்கற்பட்டுச் சீமை 1763இல் நவாபால் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுக்கப்பட்டு, 1780 வரை அவராலேயே குத்தகைக்கு ஆளப்பட்டது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அச்சீமையை அளந்து, ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார். அவ்வேடுகள் ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றன. களத்தில் குவிந்த நெல்லை மேல்வாரம், குடிவாரம் என அரசும் குடியும் பகிர்ந்துகொள்ளும் முன்பே ஊர்ப்பொதுவுக்கான பங்குகள் எடுத்து வைக்கப்பட்டன. கோயில், கணக்கர், தலையாரி, தச்சர், கொல்லர், நீர் பாய்ச்சுவோர், ஏரிப் பராமரிப்பு என அப்பங்குகள் நீண்டன. பொதுச்செலவு என நாம் இன்று கூறுவது அன்று கருவூலத்திலிருந்து வரவில்லை. களத்துமேட்டிலேயே அளந்து கொடுக்கப்பட்டது.

ஆகவே களத்துமேட்டில் கடன்காரரின் ஆள் வந்து நின்றபோது, அரசின் பங்கோடு ஊரின் பங்கும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. ஏரியின் கரையை உயர்த்துவதும் மதகைச் செப்பனிடுவதும் பல ஆண்டுகள் கழித்துப் பயன் தரும் பணிகள். மூன்று ஆண்டுச் சீட்டு வைத்திருப்பவருக்கு அதில் என்ன அக்கறை இருக்கும்? சீமையைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அடுத்த மழைக்காலமே நிச்சயமில்லை. தமிழகத்து ஏரிகளின் சீரழிவை ஆராய்வோர் பெரும்பாலும் 1801க்குப் பிந்திய கும்பினி ஆட்சியிலிருந்தே தொடங்குகின்றனர். அதற்கு முற்பட்ட முப்பது நாற்பது ஆண்டுக்காலச் சீட்டு ஆட்சியையும் சேர்த்தே அதனைப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

1795 அக்டோபரில் சென்னை ஆளுநர் ஹோபார்ட் பிரபு எழுதிய குறிப்பு இம்முறையை உள்ளிருந்து விளக்குகிறது. தவணை நாள் நெருங்கும்போது நவாபு சென்னையிலுள்ள வணிக நிறுவனங்களிடம் பெருவட்டிக்குக் கடன் பெறுவார். ஈடாகச் சீமைகள் எழுதிக் கொடுக்கப்படும். கடன் கொடுத்தவரின் நலனுக்கேற்ற நிருவாகி அங்கு அமர்த்தப்படுவார். தாம் போட்ட பணத்தை வட்டியோடு எடுக்கும் வரை அவர் குடிகளை நெருக்குவார். கும்பினியின் கொள்கைக்குச் சாதகமாக எழுதியவர் ஹோபார்ட் என்பதை மறத்தல் ஆகாது. சீமைகளை நேரடியாகக் கைக்கொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம். எனினும் அவர் கூறும் நடைமுறை பிற சான்றுகளோடு ஒத்துப்போகிறது.

தஞ்சாவூரும் பிகட் பிரபுவும்

கடன் பெருகப் பெருகப் புதிய ஈடு தேவைப்பட்டது. காவிரியால் வளம்பெற்ற தஞ்சை மராட்டிய அரசே அக்காலத் தென்னாட்டின் செழிப்பான நிலம். நவாபுக்கும் தஞ்சை மன்னருக்கும் இடையே 1762இல் கும்பினியே முன்னின்று ஓர் உடன்படிக்கை செய்வித்திருந்தது. ஆயினும் 1773இல் கும்பினிப் படை தஞ்சையைக் கைப்பற்றி நவாபிடம் ஒப்படைத்தது. துளஜா மன்னர் சிறை வைக்கப்பட்டார். இதற்கு ஓராண்டு முன்னர் 1772இல் இராமநாதபுரமும் சிவகங்கையும் இவ்வாறே தாக்கப்பட்டன. காளையார்கோயிலில் முத்துவடுகநாதர் மாண்டதும், வேலு நாச்சியார் தப்பிச் சென்றதும் அப்படையெடுப்பின்போதுதான். வீரவரலாறாக நாம் கற்பிக்கும் அந்நிகழ்ச்சியின் பின்புலத்தில் வருவாய்ப் பசி கொண்ட ஓர் அரசு நின்றது.

தஞ்சையைத் திருப்பிக் கொடுக்குமாறு இலண்டன் இயக்குநர்கள் ஆணையிட்டனர். 1775இல் இரண்டாம் முறையாக ஆளுநராய் வந்த பிகட் பிரபு, 1776 ஏப்ரலில் துளஜாவை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். உடனே பால் பென்ஃபீல்டு என்னும் கும்பினி ஊழியர் ஓர் உரிமை கோரினார். தஞ்சை வருவாயின்மீது நவாபு தமக்கு 1,62,000 பவுனுக்குச் சீட்டுகள் கொடுத்திருப்பதாகவும், தஞ்சைக் குடிகள் தமக்கு 72,000 பவுன் தர வேண்டியிருப்பதாகவும், நின்ற பயிர் அதற்கு ஈடு என்றும் அவர் கூறினார். ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளம் பெற்ற ஒருவர் இவ்வளவு பெருந்தொகையைக் கடன் கொடுத்திருக்க இயலுமா என்று இயல்பாகவே கேள்வி எழுந்தது. முதலில் ஆட்சிக்குழு ஆதாரமில்லை என்று அதனைத் தள்ளியது. பின்னர்ப் பெரும்பான்மையினர் மனம் மாறினர்.

தஞ்சைக்கு யாரைப் பிரதிநிதியாக அனுப்புவது என்பதில் பூசல் முற்றியது. தஞ்சையில் யார் இருக்கிறாரோ அவரே அறுவடை யாருக்கு என்பதைத் தீர்மானிப்பார் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. 1776 ஆகஸ்டு 24ஆம் நாள் ஆட்சிக்குழுப் பெரும்பான்மையினர் ஆளுநரையே கைது செய்தனர். 1777 மே 11ஆம் நாள் பிகட் பிரபு காவலிலேயே இறந்தார். அதற்குப் பொறுப்பான நால்வர்க்கு இங்கிலாந்து நீதிமன்றம் 1780இல் விதித்த தண்டனை ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம். அவர்களுடைய வருமானத்தோடு ஒப்பிட்டால் அது தண்டனையே அன்று.

வெற்றுக் கருவூலமும் கஞ்சித் தொட்டியும்

1780 சூலையில் ஐதர் அலி கணவாய்களைக் கடந்து கர்நாடகத்தினுள் இறங்கியபோது அவரை எதிர்க்கும் நிலையில் எவருமில்லை. சென்னைக் கருவூலத்தில் போதிய பணமில்லை. நவாபின் படைக்குச் சம்பளம் கொடுபடவில்லை. செப்டம்பரில் பொள்ளிலூரில் கும்பினிப்படையின் ஒரு பிரிவு முற்றாக அழிந்தது. ஆண்டிறுதிக்குள் ஆர்க்காடு வீழ்ந்தது. இப்படையெடுப்பைக் கடன்காரரின் பேராசைக்குக் கிடைத்த பயனாகவே பர்க் சித்திரித்தார். இது மிகையான கூற்று. 1769ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் கும்பினி காப்பாற்றாதது, 1779இல் மாகேயைக் கைப்பற்றியது என ஐதருக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் நாடு காப்பற்றுக் கிடந்ததற்குக் கடன் ஒரு பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை.

போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. நாட்டுப்புறத்தார் சென்னையை நோக்கித் திரண்டனர். அவர்களுக்குக் கஞ்சி வார்க்க 1782இல் எழுந்த ஏற்பாடே மணியக்காரர் சத்திரமாக வளர்ந்தது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் தொடக்கம் அச்சத்திரத்தோடு தொடர்புடையது. வடசென்னை மக்கள் அதனைக் கஞ்சித் தொட்டி மருத்துவமனை என்று வழங்குவது அந்நினைவின் எச்சமாகும்.

1781 டிசம்பரில் ஆளுநர் மெக்கார்ட்னி பிரபு கர்நாடக வருவாய் முழுவதையும் ஐந்தாண்டுகளுக்குக் கும்பினியின் பொறுப்பில் எழுதி வாங்கினார். ஆறில் ஒரு பங்கு நவாபின் செலவுக்கு விடப்பட்டது. தனியார் சீட்டுகள் செல்லாமற் போயின. போர்க்காலத்திலும் வருவாய் சீரடைந்தது. கடன்காரர் கொதித்தெழுந்தனர். அவர்களின் பகை இலண்டன் வரை சென்றது.

இலண்டனில் எண்ணப்பட்ட ஏரிகள்

பென்ஃபீல்டு இதற்குள் இங்கிலாந்து திரும்பி, 1780இல் கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினராக நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தார். ஆர்க்காட்டுப் பணத்தால் அங்கு வேறு பல இடங்களும் வாங்கப்பட்டன. ஆங்கில அரசியலில் 'ஆர்க்காட்டுக் குழு' என்றே ஒரு பிரிவைக் குறிப்பிடும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. தென்னாட்டு உழவர் கொடுத்த வட்டி ஆங்கிலேய வாக்காளரின் பொதுவாழ்வையும் கெடுத்தது.

1784ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் நவாபின் கடன்களை ஆராயுமாறு இயக்குநர்களைப் பணித்தது. அவ்வாராய்ச்சி நடக்கவில்லை. ஹென்றி டன்டாஸ் முன்னின்ற கட்டுப்பாட்டு வாரியம், மூவகைக் கடன்களையும் விசாரணையின்றி ஏற்று, கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், ஒதுக்குமாறு ஆணையிட்டது. வருவாய் நிருவாகத்தை நவாபிடமே திருப்பித் தரவும் கட்டளை பிறந்தது. அதனைச் செய்ய மனமின்றி மெக்கார்ட்னி 1785இல் பதவி விலகினார்.

1785 பிப்ரவரி 28ஆம் நாள் எட்மண்டு பர்க் இது குறித்து நிகழ்த்திய உரை ஆங்கிலப் பேச்சிலக்கியத்தில் புகழ்பெற்றது. தமிழ் ஆய்வுலகம் அதனைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது. அவ்வுரையில் அவர் பர்னார்டின் ஜாகீர் வரைபடத்தைச் சுட்டி, அதிலுள்ள ஏரிகளைத் தாமே எண்ணிப் பார்த்ததாகவும், அவை ஆயிரத்து நூறுக்கு மேல் இருந்ததாகவும் கூறினார். அவ்வேரிகளை எடுப்பித்த பழைய அரசர்களைக் குடிகளுக்குத் தந்தையர் என்று போற்றி, கடன்காரரின் பட்டியலில் ஏரி பராமரிப்புக்கு இடமில்லாமையைக் கண்டித்தார். தமிழகத்தைக் கண்ணால் காணாத ஒருவர், செங்கற்பட்டு ஏரிகளை வரைபடத்தில் விரல்விட்டு எண்ணியது வியப்புக்குரியது. அதே வேளையில் அவர் உறவினரும் நண்பருமான வில்லியம் பர்க் தஞ்சை மன்னரின் முகவராக இருந்தவர் என்பதையும் ஆய்வாளர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தீர்மானம் தோற்றது. விசாரணையின்றியே கடன் உறுதியாயிற்று.

பாளையங்கள்

நம் மாணவர் வீரபாண்டிய கட்டபொம்மனை அறிவது பெரும்பாலும் 1959இல் வெளிவந்த திரைப்படத்தின் வழியாகவே. வரி கேட்டவனை எதிர்த்த வீரன் என்பதோடு அவ்வறிவு நின்றுவிடுகிறது. பாஞ்சாலங்குறிச்சியிடம் வரி கேட்கும் உரிமை வெள்ளையனுக்கு எப்படி வந்தது என்று ஒரு மாணவர் வினவினால், ஆசிரியர் கர்நாடகக் கடனைத்தான் விளக்க வேண்டியிருக்கும்.

1792இல் காரன்வாலிஸ் காலத்தில் நவாபோடு புதிய உடன்படிக்கை செய்யப்பட்டது. அதன்படி நவாபு ஆண்டுதோறும் படைச் செலவுக்காக 9 இலட்சம் வராகனும், கடன்காரருக்காக 6,21,105 வராகனும் தர வேண்டும். பாளையக்காரர் நவாபுக்குச் செலுத்தி வந்த பேஷ்குஷ் எனும் திறையைக் கும்பினியே நேரடியாகத் தண்டி, நவாபின் தவணையில் வரவு வைத்துக்கொள்ளும். அத்திறை இரண்டரை இலட்சம் வராகனுக்குச் சற்று மேற்பட்டது. நவாபு வலிமை குன்றியிருந்த காலங்களில் பாளையக்காரர் திறையைத் தள்ளிப் போடுவதும், பேசிக் குறைப்பதும், வாளெடுத்து மறுப்பதும் வழக்கமாய் இருந்தன. அது ஒரு வகை அரசியல் உறவு. கடன் கணக்கில் வரவு வைக்கப்படும் தொகையாக மாறியபின் அதில் பேச்சுக்கு இடமில்லை. நாள் தவறினால் பாக்கி, பாக்கிக்கு மேல் படை. 1798இல் கலெக்டர் ஜாக்சன் இராமநாதபுரத்தில் கட்டபொம்மனிடம் கேட்டது அத்தகைய பாக்கியையே. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவர் எதிர்த்த அதிகாரம் போரில் வென்று பெறப்பட்டதன்று. கடன் கணக்கின் வழியாகக் கைமாறியது.

தீராக் கணக்கு

முகம்மது அலி 1795இல் இறந்தார். ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள் பட்டத்திலிருந்தும், அவற்றுள் பெரும்பகுதியைக் கடன்காரர் சூழவே சேப்பாக்கம் அரண்மனையில் கழித்தவர் அவர். அவரை ஏமாளியாகக் காட்டுவோரும் உளர். சூழ்ச்சிக்காரராகக் காட்டுவோரும் உளர். தமக்குக் கடன் கொடுத்தவர்களைத் தம் கட்சியினராக மாற்றி, அவர்கள் வாயிலாகக் கும்பினியைப் பிளவுபடுத்தி அரை நூற்றாண்டு நிலைத்தவர் வெறும் ஏமாளியாக இருந்திருக்க முடியாது. ஆனால் அந்த அரசியல் திறமைக்கு விலை கொடுத்தவர் குடிகள்.

அவர் மகன் உம்தத்துல் உமரா 1801 சூலையில் இறந்தவுடன், திப்புவோடு இரகசியத் தொடர்பு கொண்டிருந்தனர் என்னும் குற்றச்சாட்டைக் காட்டிக் கும்பினி நாட்டை எடுத்துக்கொண்டது. புதிய நவாபு அசீமுத்தௌலாவுக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பட்டமும் மட்டும் எஞ்சின. இந்திய மன்னர்க்கு ஆங்கிலேயர் கடன் கொடுப்பதை 1797ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. அது காலம் கடந்த தடை. 1785இல் விசாரணையின்றிக் கடன்கள் ஏற்கப்பட்டதைக் கண்டோர் அதற்குள் புதிய சீட்டுகளைக் குவித்துவிட்டிருந்தனர்.

அச்சீட்டுகளை ஆராய 1805இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. இம்முறை உண்மையாகவே விசாரணை நடந்தது. கால் நூற்றாண்டு நீடித்த அவ்விசாரணையில், மூன்று கோடிப் பவுனுக்கு மேல் கோரிக்கைகள் வந்தன. ஏற்கத்தக்கவை எனக் கண்டவை முப்பது இலட்சம் பவுனுக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. 1785இல் ஏற்கப்பட்ட பழைய கடன்களும் இவ்வாறே சலிக்கப்பட்டிருந்தால் எவ்வளவு தேறியிருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. ஆனால் அத்தொகை வட்டியோடு முன்னரே தண்டப்பட்டுவிட்டது. பென்ஃபீல்டு தம் செல்வத்தை இழந்து 1810இல் பாரிசு நகரில் வறியவராய் இறந்தார்.

1855இல் கடைசி நவாபு குலாம் கௌசுகான் மகப்பேறின்றி இறந்தபோது பட்டமும் நீக்கப்பட்டது. அவர் விட்டுச் சென்ற கடன்களுக்காகச் சேப்பாக்கம் அரண்மனை ஏலத்திற்கு வந்தது; சென்னை அரசே அதனை வாங்கியது. வருவாய் வாரியமும், ஏரிகளையும் கால்வாய்களையும் கவனிக்க அமைந்த பொதுப்பணித் துறையும் பின்னர் அவ்வளாகத்தில் அலுவலகம் நடத்தின.